பிறந்த குழந்தையைக் குளிரில் வைத்தது சரியா? கும்பகோணத்துப் பாட்டி ஒருவருக்குப் பதில்

கேள்வி:

டாக்டர், எனக்கு 61 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள், பிரசவமும் அங்கேதான். மாதம் நிறைந்த குழந்தைதான், ஆனால் வயிற்றுக்குள்ளேயே மோஷன் போய் அதை உள்ளே இழுத்துவிட்டதாம். பிறந்ததும் அழவில்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் மூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று சொல்லி, மூன்று மணி நேரத்துக்குள் குழந்தையைக் குளிர் மெத்தையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் நுரையீரல் வேலை செய்யவில்லை என்று வேறு ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்மோ மிஷின் வைத்தார்கள். அப்போதும் குளிரை நிறுத்தவில்லை, மூன்று நாள் முடிந்துதான் சூடாக்கினார்கள். இப்போது பேத்திக்கு ஐந்து வாரம், வீட்டுக்கு வந்துவிட்டாள், பால் குடிக்கிறாள். எம்ஆர்ஐ பெரிய மோசமில்லை, ஆனால் இப்போதே எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். எங்கள் சொந்தக்காரர்கள், "பச்சப்புள்ளய பனியில போட்டா நெஞ்சு கெட்டுப்போகாதா, அதனாலதான் மிஷின்ல போடுற நிலைமை வந்தது" என்கிறார்கள். படித்த பையன் ஒருவன், இந்தியாவில் குளிர வைத்த குழந்தைகள்தான் அதிகம் இறந்ததாக ஆராய்ச்சி வந்திருக்கிறது, எக்மோவில் குளிர வைத்துப் பயனில்லை என்று இங்கிலாந்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்கிறான். என் பேத்தியை வைத்துப் பரிசோதனை செய்துவிட்டார்களா? இல்லை, இன்னும் நாலு நாள் குளிரில் வைத்திருந்தால் முழுக்கச் சரியாகியிருக்குமா? அடுத்த மாதம் நான் போகிறேன். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

அம்மா, முதலில் நீங்கள் எதற்காகத் தவிக்கிறீர்களோ அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தியை வைத்து யாரும் பரிசோதனை செய்யவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற விவரத்தை வைத்துப் பார்த்தால் அவளுக்குக் கிடைத்தது, அந்த நிலையில் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை. அதுவும் கிடைக்க வேண்டிய நேரத்துக்குள் கிடைத்திருக்கிறது. இந்தச் சிகிச்சையில் நேரம்தான் பாதி வெற்றி.

உங்கள் சொந்தக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் நாங்களும் ஒவ்வொரு தாய்க்கும் சொல்கிறோம். துணி சுற்று, தொப்பி போடு, நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள் என்று. தானாகக் குளிர்ந்துபோகும் குழந்தைக்கு, முக்கியமாகக் குறைமாதக் குழந்தைக்கு, அது உயிருக்கே ஆபத்து. மாதம் நிறைந்து பிறந்து, பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் தடைப்பட்டு, அதனால் துவண்டோ மயங்கியோ வலிப்போடோ இருக்கும் குழந்தை மட்டும்தான் இதில் விதிவிலக்கு. அந்தக் குழந்தைக்கும் அளந்து அளந்துதான் குளிர். மலக்குடலில் ஒரு மெல்லிய வெப்பமானி வைத்து, உடம்பின் உள்சூட்டை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துவார்கள். நம் உடம்பு இயல்பாக 37. மூன்றரை டிகிரிதான் குறைக்கிறார்கள், பனிக்கட்டியில் போட்டுவிடவில்லை. 72 மணி நேரம் முடிந்ததும் மணிக்கு அரை டிகிரி வீதம் மெதுவாகச் சூடாக்குவார்கள். அவசரமாகச் சூடாக்கினால் வலிப்பு வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் அதற்கே ஆறேழு மணி நேரம் ஆகும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: அழாத குழந்தையை ஈரத்துணியில் சுற்றுவது, ஐஸ் வைப்பது எதையும் நீங்களாகச் செய்துவிடாதீர்கள். அளவு தவறினால் இதயத் துடிப்பே குலைந்துபோகும்.)

குளிர் எப்படி மூளையைக் காப்பாற்றுகிறது என்பதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிஜன் நின்ற அந்தச் சில நிமிடங்களில் மூளைச் செல்களில் ஒரு பகுதி அப்போதே செத்துவிடும், அதை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் மூச்சும் ரத்த ஓட்டமும் திரும்பியதும் மீதிச் செல்கள் தேறியதுபோல் இருக்கும். சில மணி நேரம் அப்படியே போகும், அதன்பின் இரண்டாவது அடி விழும். செல்களுக்குள் சக்தி மறுபடி தீர்ந்துபோய், கால்சியம் உள்ளே பாய்ந்து, நச்சுப் பொருட்கள் சேர்ந்து, தப்பிய செல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே அழியத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் வரை இது நடக்கும். முதல் அடிக்கு மருந்து கிடையாது, இரண்டாவது அடியைத்தான் குளிர் தணிக்கிறது. உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மூளை செலவழிக்கும் சக்தி சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். அந்த நச்சு வேலைகளும் மந்தமாகும். ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்பதும், மூன்று நாள் தொடர வேண்டும் என்பதும் இதனால்தான். உங்கள் பேத்திக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இது சும்மா நம்பிக்கையில் செய்வதும் இல்லை. 2005-லேயே இரண்டு பெரிய ஆய்வுகள் வந்துவிட்டன, 2009-ல் இங்கிலாந்தை மையமாக வைத்து 325 குழந்தைகளிடம் நடந்த டோபி ஆய்வு வந்தது. 2013-ல் 11 ஆய்வுகளின் 1505 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படிப் பாதிக்கப்பட்ட ஏழு குழந்தைகளைக் குளிர வைத்தால் ஒரு குழந்தை மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று தெரிந்தது. ஏழில் ஒன்றா, அவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். மூளை பாதிப்போடு பிறந்த குழந்தைக்கு அதற்கு முன்பு எங்கள் கையில் எதுவுமே இல்லை, அம்மா. வலிப்புக்கு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்போம், அவ்வளவுதான். டோபி ஆய்வுக் குழந்தைகளை ஆறேழு வயதில் மறுபடி பார்த்தார்கள். உயிரோடு இருந்து, அறிவுத்திறன் மதிப்பெண் 85-க்கு மேல் வாங்கியவர்கள் குளிர வைத்தவர்களில் 52 சதவீதம், வைக்காதவர்களில் 39 சதவீதம். பள்ளிக்கூடம் போகும் வயது வரை அந்தப் பலன் நின்றிருக்கிறது.

இப்போது நெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். குளிரால்தான் நுரையீரல் கெட்டது என்பது சரியல்ல. உள்ளே இழுக்கப்பட்ட அந்த மோஷன் பசைபோல மூச்சுக்குழாய்களை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். ஆக்சிஜன் குறைந்து பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரிய வேண்டிய நேரத்தில் இறுகியே நின்றுவிடும், ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல், வயிற்றுக்குள் இருந்தபோது போன பழைய வழியிலேயே சுற்றும். உங்கள் பேத்திக்கு இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். குளிர் அந்தக் குழாய்களை இன்னும் கொஞ்சம் இறுக்கக்கூடும் என்பது உண்மை, அதனால்தான் இந்தக் குழந்தைகளை நாங்கள் கண்கொட்டாமல் பார்க்கிறோம். ஆனால் மேலே சொன்ன அந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, குளிர வைத்தவர்களிடம் இதயத் துடிப்பு மெதுவாவதும் ரத்தத் தட்டணுக்கள் குறைவதும் கூடியிருந்தன, நுரையீரல் அழுத்தப் பிரச்சினை குறிப்பிடும்படி கூடவில்லை. அதனால் யார் என்ன சொன்னாலும் உங்கள் மகளிடம் போய், "அன்னிக்கே அந்தக் குளிரை வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் ஏற்கெனவே தன்னைத்தானே கேட்டு முடித்திருப்பாள். குழந்தை வயிற்றுக்குள் மோஷன் போனதுகூட அவள் செய்த எதனாலும் இல்லை.

எக்மோ குழந்தைக்குக் கொஞ்ச நாள் வெளியிலிருந்து மூச்சுவிடும் இயந்திரம். கழுத்தின் வலது பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜன் ஏற்றி, சூட்டைச் சரிசெய்து திரும்ப உள்ளே அனுப்பும். நுரையீரலுக்கு அந்த நாட்களில் ஓய்வு, ஆறுவதற்கு அவகாசம். அமெரிக்காவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை மருத்துவர் 1975-ல் முதன்முதலாக ஒரு பிறந்த குழந்தையை இதில் வைத்துக் காப்பாற்றினார், அந்தக் குழந்தையும் மோஷனை உள்ளே இழுத்த குழந்தைதான். பிரிட்டனில் 185 குழந்தைகளை வைத்து நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், எக்மோவுக்கு அனுப்பிய 93 பேரில் 30 குழந்தைகள் இறந்தன, சாதாரண வெண்டிலேட்டரிலேயே இருந்த 92 பேரில் 54. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். ஆக எக்மோ காப்பாற்றியது நுரையீரல் தேறும்வரை உயிரை, குளிர் காப்பாற்றப் பார்த்தது மூளையை. ஒரே குழந்தைக்கு இரண்டு வேறு வேறு பிரச்சினைகள், இரண்டு வேறு வேறு சிகிச்சைகள்.

அந்தப் பையன் சொன்ன இரண்டு ஆராய்ச்சிகளும் உண்மையானவைதான். ஆனால் அவை எந்தக் கேள்விக்குப் பதில் என்று அவன் பார்த்திருக்க வேண்டும்.

எக்மோவில் குளிர வைத்த ஆய்வுக்கு நெஸ்ட் என்று பெயர். பிரிட்டனின் எக்மோ மையங்களில் 111 குழந்தைகளிடம் நடந்து, 2013-ல் வெளிவந்தது. எக்மோவுக்கு வரும் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் படிப்பிலும் பேச்சிலும் பின்தங்கல் தெரிகிறது, அப்படியானால் எக்மோவில் போகும் எல்லாக் குழந்தைகளையுமே இரண்டு மூன்று நாள் 34 டிகிரியில் வைத்தால் மூளைக்கு நல்லதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. எக்மோவில் ரத்தம் ஏற்கெனவே சூடேற்றும் கருவி வழியாகத்தான் போகிறது, அதன் அளவைக் குறைத்தாலே குழந்தை குளிர்ந்துவிடும், செய்வதற்கும் சுலபம். இரண்டு வயதில் சோதித்துப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே நுரையீரலுக்காக எக்மோவுக்கு வருகிற குழந்தையை, எக்மோவுக்கு வந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குளிர வைப்பதில் அர்த்தமில்லை. உங்கள் பேத்தி அந்தக் கணக்கில் வரமாட்டாள். அவள் குளிரில் வைக்கப்பட்டது எக்மோவுக்காக இல்லை, பிறக்கும்போதே மூளைக்கு அடிபட்டிருந்ததால். எக்மோ வைக்கும் நேரத்தில் அவளுடைய 72 மணி நேரம் முடியவில்லை. அந்த இடத்தில் பாதியில் சூடாக்கியிருந்தால்தான் நான் ஏன் என்று கேட்டிருப்பேன். எக்மோவில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும், குளிரும் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் மந்தமாக்கும், அதனால் தலைக்குள் ரத்தக்கசிவு பயம் உண்டு. அதற்காகத்தான் தலையில் அடிக்கடி ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே நடத்துவார்கள். இரண்டையும் சேர்த்து நடத்துவது அனுபவமுள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை, வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது அதற்குத்தான்.

இந்திய ஆய்வு விஷயம் இன்னும் முக்கியம், நம் ஊருக்கே நேரடியாகப் பொருந்துவது. ஹீலிக்ஸ் என்று பெயர். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளில் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள், அதில் சென்னை அரசு மருத்துவமனைகளில் பிறந்தவர்களும் உண்டு. 2021-ல் முடிவு வந்தபோது எங்களையெல்லாம் உலுக்கிவிட்டது. குளிர வைத்தவர்களில் 42 சதவீதம் இறந்திருந்தார்கள், வைக்காதவர்களில் 31 சதவீதம். மலிவான கருவி, சரியாகக் குளிர வைக்கத் தெரியவில்லை என்று தள்ளிவிடவும் முடியாது, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் நல்ல கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு ஏன்? ஆய்வுக்குச் சேரும்போதே பல குழந்தைகளுக்கு வலிப்பு வந்துவிட்டிருந்தது. எம்ஆர்ஐயில் தெரிந்த பாதிப்பும் ஐரோப்பியக் குழந்தைகளிடம் தெரிவதுபோல் இல்லை, மூளையின் வெண்பகுதியில் அதிகமாக இருந்தது. பிரசவத்தில் கடைசி நிமிடங்களில் விழுந்த அடி இல்லை, அதற்கு வெகு முன்பே, பல மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்த அடி என்பதற்கான அடையாளம் அது. அப்படியென்றால் குழந்தை பிறக்கும்போதே அந்த ஆறு மணி நேர வாய்ப்பு முடிந்துபோயிருக்கும். இந்த ஆய்வுக்குப் பிறகும் நம் நாட்டில் குளிர வைக்கும் மையங்கள் இருக்கின்றன. வேலூர் சிஎம்சி-யின் உதவியோடு இங்கேயே குறைந்த செலவில் ஒரு குளிரூட்டும் தொட்டிலும் உருவாக்கியிருக்கிறார்கள். மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. என் கருத்தைக் கேட்டால், பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கவனிக்க ஒரு நர்ஸம்மா பக்கத்தில் இருப்பது, தேவைப்பட்டால் தாமதமில்லாமல் சிசேரியன் செய்வது, இந்த இரண்டும்தான் நம் ஊரில் எந்தக் குளிர் மெத்தையையும்விட அதிகக் குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றும். ஆனால் அந்த ஆய்வின் முடிவைக் கொண்டுபோய், பணக்கார நாட்டு மருத்துவமனையில் பிறந்து, கண்காணிப்பில் இருந்து, மூன்று மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய உங்கள் பேத்தியின் மேல் வைக்கக் கூடாது. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை.

இன்னும் நாலு நாள் வைத்திருந்தால்? வேண்டாம் அம்மா, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 364 குழந்தைகளிடம் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள், 120 மணி நேரம் வரை நீட்டியும், 32 டிகிரி வரை இறக்கியும். பலன் கூடவில்லை, பாதுகாப்பும் சந்தேகமாக இருந்ததால் இடையிலேயே நிறுத்தினார்கள். 2014-ல் அது வெளிவந்தது. மூன்று நாள்தான் சரியான அளவு.

எம்ஆர்ஐ பற்றி அவர்கள் உறுதியாகச் சொல்லாதது மறைப்பதற்காக இல்லை. எக்மோ குழாய்களோடு எம்ஆர்ஐக்குள் அனுப்ப முடியாது, குழாய்களை எடுத்த பிறகுதான் பார்த்திருப்பார்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும், கைகால் அசைவுக்குப் பொறுப்பான பகுதிகள் நன்றாகத் தெரிந்தால் நடப்பதைப் பற்றி நாங்கள் ஓரளவு தைரியமாகப் பேசுவோம். பேச்சு, கவனம், படிப்பு இதையெல்லாம் எந்தப் படத்தை வைத்தும் ஐந்தாவது வாரத்தில் சொல்ல முடியாது. "பெரிய மோசமில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள், தானே பால் குடிக்கிறாள் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். மூளை பலமாகப் பாதித்த குழந்தைகள் உறிஞ்சவும் விழுங்கவும்தான் முதலில் சிரமப்படும். இதை நல்ல செய்தியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அங்கே போனதும் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. குளிப்பாட்டும்போது முதுகிலோ தோளிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் கெட்டியாக, லேசாகச் சிவந்து ஊதா நிறத்தில் கட்டிபோல் தட்டுப்பட்டால் பயப்படாதீர்கள், ஆனால் எண்ணெய் போட்டு நீவிவிடவும் வேண்டாம். குளிர வைத்த சில குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு இப்படி இறுகும், வாரக்கணக்கில் தானே கரையும். ஆனால் கரையும் காலத்தில் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலச்சிக்கலோடு ஓயாமல் சிணுங்கினாலோ, அன்றைக்கே டாக்டரிடம் கட்டியைக் காட்டி கால்சியம் பரிசோதனை கேளுங்கள். அப்படிக் கட்டி இருந்தால் வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தொடரலாமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கைப்பழக்கம் சிலவற்றையும் இந்தக் குழந்தைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம், அந்த நுரையீரல் இப்போதுதான் ஆறிக்கொண்டிருக்கிறது. மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வசம்பு, உரை மருந்து எதுவும் கூடாது. இதமான வெந்நீரில் குளிப்பாட்டி, துவட்டி, கதகதப்பாகப் போர்த்தி மடியில் போட்டுக்கொள்ளுங்கள். இனி அவளுக்குக் குளிர் தேவையில்லை, சாதாரணக் குழந்தைதான். கழுத்தின் வலது பக்கம் சின்னத் தழும்பு இருக்கும், எக்மோ குழாய் போன வழி. சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்து ரத்தக் குழாயைக் கட்டிவிட வேண்டியிருக்கும். மூளையின் அடியில் எல்லாக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் மற்ற பக்கத்திலிருந்து ரத்தம் போய்விடும்.

காது கேட்கும் பரிசோதனை ஒருமுறை சரியாக வந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. எக்மோவில் இருந்த குழந்தைகள் சிலருக்குக் கேட்கும் திறன் மாதங்கள் கழித்துக் குறைகிறது, அதனால் மறுபடி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் வாக்கில் முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, நாலு மாதத்தில் தலை நிற்கிறதா, கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு இன்னொரு கையைச் சும்மா வைத்திருந்தால், "வலது கைக்காரி" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல் காட்டுங்கள், அந்த வயதில் அது இயல்பு இல்லை. மூன்று மாத வாக்கில் குழந்தையின் தன்னியல்பான அசைவுகளை வீடியோ எடுத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபி தேவையென்றால் சீக்கிரம் ஆரம்பிப்பதில்தான் பலன். இரண்டு வயது வரையாவது வளர்ச்சிப் பரிசோதனைக்கு விடாமல் போக வேண்டும், வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கிற ஹெல்த் விசிட்டர் என்ற நர்ஸம்மாவிடம் எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம்.

ஊருக்கு அழைத்து வருகிற யோசனை இருந்தால், விமானத்தில் ஏற்றலாமா என்று நுரையீரலைப் பார்க்கிற டாக்டரிடம் முன்பே கேட்டுவிட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்மோ மையத்தின் கடிதம், எம்ஆர்ஐ படங்கள் இருக்கிற சிடி எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். கும்பகோணத்தில் ராத்திரி ஒரு காய்ச்சலுக்குக் காட்டப் போனாலும், பார்க்கிற டாக்டருக்கு முதல் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.